ஆட்டின் ஏழு

பதினான்காம் அறைக்குப் புதுசாக வந்திருக்கிறீர்கள்.
தூக்கம் வராது. முதல் வாரம் யாருக்கும் வராது.
மொட்டைமாடிக்கு வாருங்கள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்போம்.
ராத்திரி பத்துக்கு மேல்தான் தரை ஆறும்,
வேலூர் வெயில் சொன்னவுடன் இறங்கிப் போகிற ஆள் இல்லை.
கோட்டைப் பக்கமிருந்து காற்று வந்தால் அதிர்ஷ்டம்.

நாலு பேர் வேண்டும். இரண்டு கட்டு.
லாங் பஜாரில் வாங்கியது, முனை மழுங்கிவிட்டது.
தலைக்குப் பதின்மூன்று.
கலைப்பது சாபிரா, பேர்ணாம்பட்டுக்காரி.
ஷூ கம்பெனியில் தோல் அடுக்கிப் பழகிய கை,
சீட்டு அவள் விரலில் சத்தம் போடாது.
வெட்டுவது பலமநேரி ரெட்டெப்பா.
அவருக்குத் தமிழ் பாதி, எனக்குத் தெலுங்கு பாதி,
சண்டை போட அது தாராளம்.

மிச்சத்தில் ஒன்றை உருவிக் கட்டுக்கு அடியில் குறுக்கே செருகுவோம்.
அது ஆறு என்றால்
எல்லா ஆறும் இன்றைக்கு ஜோக்கர், எதுவாகவும் நிற்கும்.
நேற்று இதே ஆறை யாரும் சீந்தவில்லை.

முதலில் லைஃப் பிடியுங்கள்.
ஒரே ஜாதியில் வரிசையாக மூன்று
(இந்த மாடியில் ஜாதி பார்ப்பது இதற்கு மட்டும்தான்)
இஸ்பேட் எட்டு, ஒன்பது, பத்து என்பதுபோல,
ஜோக்கர் ஒட்டுப்போடாமல்.
அது இல்லாமல் கையில் ஐந்து ஜோக்கர் சிரித்தாலும்
கவுண்ட் முழுசாக ஏறும். எண்பது.
சாயந்திரம் வார்டில், கவுண்ட் ஏறணும் என்று வேண்டுகிறோம்.
மாடிக்கு வந்தால் இறங்கணும் என்கிறோம்.
சாமிக்கே குழம்பிப் போயிருக்கும்.

லைஃப் ஆனதும் இன்னொரு வரிசை, அதில் ஜோக்கர் சேரலாம்.
மிச்சம் மும்மூன்றாகவோ நாலாகவோ சேரட்டும்.
ஒன்று எடுத்தால் ஒன்று போட வேண்டும்.
எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம்,
ரெட்டெப்பா மட்டும் தொண்டையைக் கனைப்பார்.
கீழே கிடப்பதை அவசரப்பட்டு எடுக்காதீர்கள், கை தெரிந்துவிடும்.
ராஜா ராணியை அணைத்துக்கொண்டு உட்காராதீர்கள்,
தோற்றால் ஆளுக்குப் பத்து.
கை சரியில்லையா, எடுக்கும் முன்பே கவிழ்த்துவிடுங்கள், இருபது.
நடுவில் எழுந்தால் நாற்பது.

காசு கிடையாது.
இருநூற்றொன்றைத் தொட்டவர்
விடியற்காலை நாலரைக்கு நாலு பிளாஸ்க்கோடு இறங்கி
எல்லோருக்கும் வெந்நீர் பிடித்து வரணும்.
என் வீட்டுக்காரருக்கு ஒரு வேளைக்கு அரைத் தம்ளர்தான் கணக்கு,
டயாலிசிஸ்.
இருந்தாலும் என் பிளாஸ்க்கும் நிறையணும். அது ஒரு கௌரவம்.

இன்னொன்று. இதில் ஒரு சீட்டு மட்டும் வேறே.
ஆட்டின் ஏழு.
மாத்திரை டப்பா அட்டையை வெட்டிச் சிவப்புப் பேனாவில் நான் வரைந்தது.
உங்கள் அறையில் முன்பு நிர்மல் மைத்தி இருந்தார், மேதினிப்பூர்.
மகளுக்கு எட்டு வயசு.
ரம்மி அவர் ஊரிலும் ரம்மிதான்,
அதற்குமேல் எங்களுக்கு மொழி தேவைப்படவில்லை.
ஒரு ராத்திரி கட்டிலிருந்து ஒன்றை எடுத்தார், போன் அடித்தது.
பதின்மூன்றையும் கவிழ்த்து வைத்தார்.
எடுத்ததைக் கையில் பிடித்தபடியே
செருப்பில்லாமல் படி இறங்கி ஓடினார்.

விடியும் வரை ஆட்டம் அவர் முறையிலேயே நின்றது.
ரெட்டெப்பா நாற்பது எழுதவில்லை.
மறுநாள் மச்சான் ஒருவர் வந்து
பெட்டியையும் செருப்பையும் எடுத்துப் போனார்.
திருப்பிப் பார்க்காமல் சாபிரா அந்தக் கையைக் கட்டோடு கலந்தாள்.
எண்ணினால் ஒன்று குறைந்தது.
எதுவென்று அறிய எல்லாவற்றையும் தரையில் பரப்ப வேண்டியிருந்தது.

புதுக் கட்டு என்ன விலை, ஒரு டிபன் காசுதான்.
யாரும் வாங்கவில்லை.

அதன் முதுகில் மருந்தின் பெயர் பாதி தெரியும்.
ஆகவே அது யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.
தெரியாத மாதிரி ஆட வேண்டும்.
மற்றதெல்லாம் எந்த ஊரிலும் உள்ள ரூல்தான்.

உட்காருங்கள். அங்கே வேண்டாம், ஈரம்.
சாபிரா, இவருக்கும் போடு.