நாற்பத்தொரு பார்

ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் ஷெர்லி
அந்த ஊர் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள்.
அங்கிருந்து போட்டோ எடுத்து அனுப்பினாள்,
எழுபத்திரண்டு பக்கம்.
அவர்கள் ஊர்ப் பழங்கதைகளை
ஊதுகிற கருவிகளுக்கென்றே எழுதிய இசையாம்.
மேல்புறம் ஜெராக்ஸ் கடையில்
பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்.
சில கோடுகள் விழவே இல்லை.

காட்டுக்கு நாலு ஹார்ன் கேட்டிருந்தது.
எங்கள் செட்டில் ஒன்றுகூடக் கிடையாது.
எட்வின் ஜோஸ் அதைப் பிரித்து
இரண்டு யூஃபோனியத்துக்குக் கொடுத்தார்.
காடு கொஞ்சம் ஒல்லியாகத்தான் முளைத்தது,
வரிசை பிடித்து நட்ட ரப்பர் மாதிரி.

'லாங்ஸாம்' என்று அங்கங்கே போட்டிருந்தது.
ஏதோ ஆளின் பெயர் என்றிருந்தோம்.
ஷெர்லி குரல் அனுப்பினாள்:
"பைய வாசிக்கணும் மக்களே, பைய."

முழுக்கதை எங்களில் எவருக்கும் தெரியாது.
டிரம்பெட் ஜெறினுக்குத் தெரிந்தது
மாவு மில்காரன் மகள் மட்டும்.
புல்லாங்குழல் றெக்ஸலினுக்கு
கிணற்றுக்குள்ளிருந்து பேசும் ஏதோ ஒன்று.
எனக்கு ஓநாய்.
அதுவும் நாலாவது பகுதியில்,
நாற்பத்தொரு பார் சும்மா இருந்த பிறகு.

பகலில் அண்டி ஆபீஸில் தோல் உரிக்கிறேன்.
கை அதுபாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்கும்.
அதனால்தான் டியூபா எனக்கு வந்தது.
ஊதுவதைவிட
ஊதாமல் இருப்பதுதான் அதில் வேலை.

இஞ்சிவிளையில் பெருநாள். வெளுப்பிற்குப் பவனி.
களியக்காவிளைச் சாவடியில்
நடு ராத்திரி வேனை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
ரேஷன் அரிசி கடத்துகிறவர்களுக்கு
இப்போது எந்த வண்டியும் ஆகாததில்லையாம்.
சார் சாயல்குடிக்காரர்.
"பேண்டு செட்டுன்னா வாசிச்சுக் காட்டுங்க."

எட்வின் ஜோஸுக்கு என்ன தோன்றியதோ,
கல்யாணப் பாட்டை விட்டுவிட்டு
நாலு விரலைத் தூக்கினார்.

என் டியூபாவின் வாய்க்குள்
அக்காவின் அரிசி இருந்தது.
ஐந்து கிலோ, பழைய பாவாடையில் முடிந்து.
கட்டிக்கொடுத்து ஆறு வருஷம்;
பெயர் இன்னும் எங்கள் கார்டில்தான்.
அவள் பங்கு அவளுக்கு.
இதைச் சாவடியில் விளங்கவைக்க
எனக்கு வாய் போதாது.

ஒன்று.
சோடியம் விளக்கடியில் மரங்கள் எழும்பின.
ஏழு. எட்டு.
மில்காரன் மகள் செருப்பில்லாமல் ஓடினாள்.
பதினாறில்,
"அந்தம்மா ஏன் ஊதலை?"
"அவ ஓநாயாக்கும் சார்.
இன்னும் இருபத்தஞ்சு பார் இருக்கு."
"எங்க பாக்க?" என்று திரும்பிப் பார்த்தார்
இருட்டில் நின்ற தக்காளி லாரியை.
இருபத்தெட்டு. கிணறு பேசியது.
முப்பத்திரண்டில் டார்ச்சை எடுத்தார்.
வானம் பார்த்த வாய்.
எட்டிப் பார்க்க அவர் உயரம் பற்றவில்லை.
ஹோம்கார்டு பையன்
பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவரப் போனான்.
முப்பத்தெட்டு
முப்பத்தொன்பது
நாற்காலியில் ஒரு கால் வைத்துவிட்டார்
நாற்பது
நாற்பத்தொன்று

ஊதினேன்.
போர்வைக்குள்ளிருந்து இருமுகிற
ஏதோ கிழட்டு நாய்.
ஐந்து கிலோவும் நடுங்கியது
என் பல்லில் தெரிந்தது.
ஜெறின் சிரித்து ஒரு சுரத்தை விட்டான்.

"இதுவா ஓநாய்?"
"சளி பிடிச்சிருக்கு சார்."

கால் நாற்காலியிலேயே இருக்க
அவர் என்னைப் பார்த்த பார்வையை
இன்றும் எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியவில்லை.
"எங்க பக்கம் கருவேலந்தான், காடுன்னு ஒண்ணு கெடையாது" என்றார்.
பிறகு,
"அந்தப் புள்ள என்ன ஆச்சு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
அந்தப் பக்கம்தான் ஜெராக்ஸில் விழவில்லை.

கம்பம் மேலே போனது.

வெளுக்கும் முன்னே அக்கா உலை வைத்தாள்.
"பித்தளை மணக்குதுட்டி" என்றாள்.
இன்னொரு அகப்பை போட்டுக்கொண்டாள்.