பதினைந்தாவது அக்கார்டியன்

ஏழு பத்து ரயிலில் எனக்கு ஒரு சீட்டு எடுத்தேன்.
அதற்கு எடுக்கவில்லை.
மடியில் வைத்துக்கொண்டேன்,
அடுத்த வீட்டுப் பிள்ளையை வைத்திருப்பதுபோல.

கட்டட வேலைக்கென்று பின்லாந்து போன கால்யோ
ஓலு நகரில் ஒருத்தியோடு தங்கிவிட்டபோது
படகையும் ரம்பங்களையும் நாயையும்
ஆளனுப்பி எடுத்துக்கொண்டான்.
இதைக் கேட்கவில்லை.
ஆறு குளிர்காலம் அலமாரி உச்சியில் கிடந்தது.
கோட்டை எடுக்கும்போதெல்லாம் தலையில் இடிக்கும்.

அருங்காட்சியகம் முன்பு பால் கூட்டுறவுச் சங்கமாம்.
உள்ளே இன்னும் மோர் வாடை,
அல்லது என் மூக்கின் பிடிவாதம்.
மேசைக்குப் பின்னாலிருந்த இளைஞன், தானெல்,
பெட்டியைத் திறக்கக்கூட இல்லை.
"அக்கார்டியனா? பதினாலு இருக்கிறது.
சாகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் விட்டுப் போகிறார்கள்.
ஒருவராவது ஒரு பாஸூன்..."
"சாகவில்லை, பின்லாந்தில் இருக்கிறான்" என்றேன்.
"அதுவும் நடப்பதுதான்" என்றான்.

திரும்பும் ரயில் மூன்று நாற்பதுக்கு.
வெளியே ஈரப்பனி.
நாலு யூரோ கொடுத்து உள்ளே போனேன்.

கடல்நாயின் இரைப்பையில் செய்த பைக்குழல்.
தேவாலயத்தில் குடியானவர்கள் சுருதி தவறாமலிருக்க
ஒற்றை நரம்பு கட்டிய பலகை;
ஒரே நரம்பு, அதற்கும் ஒரு வில்.
'தொடலாம்' என்றெழுதிய மேசையில்
இரண்டாம் வகுப்பு முழுவதும் ஒரே முரசை அடித்தது.
ஆசிரியை காதைப் பொத்திக்கொண்டு
எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.
'தொடாதீர்' பக்கத்தில் அந்தப் பதினாலு பேர்,
துருத்திக்கு வார் பூட்டி
வாயைக் கட்டிக்கொண்டு வரிசையாக.

கம்பு ரொட்டியும் மீனும் தின்று முடித்துத்
தானெல் வந்தான்.
சும்மா பார்க்கலாமா என்று கேட்டான்.
தோளில் மாட்டி, விரித்தபடி மேலே ஏறினான்:
எல்லாக் கட்டையும் பேசியது.
மூடியபடி இறங்கினான்:
நடுவில் ஒரு படி இல்லை.
மறுபடி. மறுபடியும் இல்லை.
"விரிக்கும்போது பாடுகிறது, மூடும்போது ஊமை.
உள்ளே ஒரு நாக்கு செத்திருக்கிறது.
வாங்கிய நாளிலேயே இப்படி இருந்திருக்கலாம்."

அந்த போல்காவை முனகிக் காட்டினேன்.
எனக்குத் தெரியாததா?
பதினெட்டு வருஷம் சமையலறை வரை வந்த போல்கா.
அவன் பிடித்துக்கொண்டான்; வாசித்தான்;
அந்த இடம் வந்தது, நின்றான்,
காற்றைத் திருப்பினான், தொடர்ந்தான்.

அதே இடம்.
எச்சில் விழுங்கும் அளவே அதே இடைவெளி.

நடுக்கோடை இரவில், நெருப்பைச் சுற்றி அத்தனை பேர் முன்னால்
நான் சொல்லியிருக்கிறேன்:
"கால்யோவின் மூளை இந்த இடத்தில்
காப்பி குடிக்கப் போய்விடும்."
வருஷா வருஷம் சொன்னேன்.
வருஷா வருஷம் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி,
நாக்கு செத்தது பெட்டிக்குத்தானே.
ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ?
கைக்கு மட்டும் தெரிந்து
கையே பார்த்துக்கொண்டதோ?

"மெழுகு வைத்து ஒட்டினால் சரியாகிவிடும்.
அரை மணி நேரம். இருபது யூரோ" என்றான் தானெல்.
"வேண்டாம்."
நான் நினைத்ததைவிட வேகமாக வந்தது அந்தச் சொல்.
அவன் தோளைக் குலுக்கி வாரைப் பூட்டினான்.

மன்னிப்பு ஒன்றும் இல்லை.
நாய் என்னுடையது.
குட்டியில் புட்டிப்பால் கொடுத்தவள் நான்.

மூன்று நாற்பது ரயில் காலியாக இருந்தது.
பெட்டிக்கு ஜன்னலோர இருக்கை கொடுத்தேன்.
சீட்டுப் பரிசோதகர் அதையும் என்னையும் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் போனார்.
வீட்டில் இதை எங்கே வைப்பது?
அலமாரி உச்சி இனி வேண்டாம்.
வெளியே பிர்ச் மரங்கள், ஒரு மரக்கிடங்கு, இருட்டு.

ஓலுவில் இப்போது மணி என்ன இருக்கும் என்று
கணக்குப் போடத் தொடங்கினேன்.
இங்கே என்னவோ அதேதான்.