மஸ்கட் வெயில்

கப்பன் பார்க்கில் மூங்கில் பக்கம் நல்ல நிழல்.
விசில் ஊதிக்கொண்டு வந்தார் காவலாளி.
லால்பாக் பாறைக்கு
லூர்துசாமி அண்ணனின் முட்டி சம்மதிக்கவில்லை.
சாங்கி ஏரிக்கரையில் ஏழு மணி வெளிச்சம்
வடிகட்டிய பால் மாதிரி.
அங்கேயே எடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

அப்போதுதான் ரெஜினா அக்கா போனை நீட்டினார்:
"இவனையும் சேர்த்து ஒட்டிடும்மா."

ஏதோ ஒரு செங்கல் சுவர் முன்னால் அமல்தாஸ்.
உச்சி வெயில். கண் பாதி மூடியிருக்கிறது.
மீசைக்குப் பதிலாய் மூக்கின் நிழல்.

ஆளை ஒட்டலாம் அக்கா,
வெயிலை எப்படி ஒட்ட?

மூன்று நாள் ஸ்கூட்டரில் சுற்றினேன்,
சிக்னலில் கையை நீட்டி
விரல் நிழலைப் பார்த்தபடி.
மரமில்லாத தெரு, மேகமில்லாத பன்னிரண்டு மணி:
பெங்களூரில் கேட்டால் சிரிக்கிறார்கள்.
கடைசியில் சிவாஜிநகரில்
ஒரு வாகன நிறுத்தத்தின் மொட்டை மாடி.

வாடகைக் கறுப்பு அங்கிக்குள் வியர்த்தாள் பிரிசில்லா.
"டிகிரி வாங்கின போட்டோவுக்கு இந்த இடமா?"
அண்ணன் பேசவில்லை. அவருக்கும் கண் கூசியது,
மகனுக்குக் கூசிய அதே பக்கம்.

ஓர் ஆள் அகலம் விட்டு நிற்கச் சொன்னேன்.
அக்கா அந்த வெற்றிடத்தில் கையைத் தூக்கினார்,
கொஞ்சம் இறக்கினார்,
மறுபடி தூக்கினார்.
"போறப்ப என் தோளுக்கு மேல நாலு விரக்கடை.
இப்ப வளர்ந்திருப்பானா?"

அவன் பின்னால் இருக்கும் செங்கலை
எண்ணித்தான் சொல்ல முடியும் என்றேன், விளையாட்டாக.

போனைப் பெரிதாக்கிக்கொண்டு
கீழிருந்து எண்ணத் தொடங்கிவிட்டார்.
வெயில் நகர்கிறது.
அக்கா, வெயில் நகர்கிறது.