இழுத்தால் தாங்காது

மாதத்தில் ஒரு வியாழன்
கோயம்புத்தூரிலிருந்து வேனில் குன்னூர் ஏறி வரும் இயந்திரம்.
எனக்கு இடது சிறுநீரகத்தில் பதினோரு மில்லிமீட்டர்.
"கல் உடைக்கிறவருக்கே கல்லா" என்று
ஜெசிந்தா சிஸ்டர்
விலாவில் ஜெல்லை வழித்துப் பூசுகிறார்.
ஜனவரிக் குழாய்த் தண்ணீர் தேவலை.

இவ்வளவு எதற்கு என்றேன்.
நடுவில் காற்று ஓர் இழை இருந்தாலும்
அலை வாசலோடு திரும்பிவிடுமாம்.
தண்ணீரும் சதையும் அதற்கு ஒரே ஊர்.
கல்தான் அசலூர்.

டக்.
டக்.
நாடிக்கு ஒன்றாக.

வெறும் சத்தமில்லை இது.
பர்லியார் தாண்டிய வளைவுகளில்
முன்னே ஒரு தேயிலை லாரி முனகிப் போக
பின்னே வந்த பஸ், ஜீப், டூரிஸ்ட் வேன் எல்லாம்
ஒன்றன் முதுகில் ஒன்று முட்டி நிற்குமே,
அப்படி
பின்னால் கிளம்பிய அழுத்தம் முன்னதை எட்டிப் பிடிக்க
சரிவாக இருந்தது சுவராகிவிடுகிறது.
மயிரிழைகூடக் கனமில்லாத சுவர்.

எனக்கு அந்தச் சுவரைத் தெரியும்.
நவம்பர் மழையில்
ஹில்குரோவுக்கு மேலே, பல்சக்கரத் தண்டவாளத்தில்
யானை படுத்த மாதிரி பாறை.
மூன்று துளை, மூன்று குச்சி மருந்து.
மாதப்பன் விசில் ஊதினான்.
மருந்து வைத்த பக்கம் பொடியானதோடு சரி.
அலை பாறைக்குள் தள்ளிக்கொண்டே போய்
மறுபுறத்து வெற்று முகத்தில் முட்டி,
அங்கே சாய எதுவும் இல்லாமல்
இழுப்பாகத் திரும்பியது.
பின்பக்கம்தான் தோல் தோலாக உரிந்து விழுந்தது.

தள்ளினால் மலையையே தாங்கும் கல்.
இழுத்தால் தாங்காது.

ஆஸ்பத்திரிக்குப் போ போ என்று
மகள் போனில் அதட்டிய நாளெல்லாம்
"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றேன்.
ஒருநாள் "அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு
வைக்காமல் பேசாமல் இருந்தாள்.
மறுநாள் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மூவாயிரத்தில் நின்றது திரையின் எண்.
"டீ வடிகட்டி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்,
வருவதைப் பிடித்துக் கொண்டுவாருங்கள்" என்றார் டாக்டர்.
கடைக்காரர் கேட்டார், எந்த ரகத் தூளுக்கு?
சும்மா சிரித்து வைத்தேன்.

வெள்ளி இரவு, இரண்டேகால் மணி.
வலையில் செங்கல் நிறத்தில் நாலு பொடி.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒன்றில் ஒரு பக்கம் மட்டும்
இப்போதுதான் உடைந்தாற்போல் மின்னியது.

விடியும்வரை பொறுக்கவில்லை.
மாதப்பனை எழுப்பிச் சொன்னேன்:
"லைன் கிளியர்."