ஈரத்துக்குக் கழித்தது

படிவம் முதலில் முகவரி கேட்டது.
மேல்டிவிசன், நாலாம் நம்பர் லயம், ஏழாவது காம்பிரா
என்று எழுதினால் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும்,
அங்கிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து லாச்சிக்கு.
லாச்சிக்குள் எங்கள் பெயர்கள் நன்றாகத் தூங்கும்.
போன வருசம் லோகிதாவின் நேர்முகக் கடிதம்
நேர்முகம் முடிந்த பதினோராம் நாள்
தடுப்பூசி நோட்டீசோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
ஆகவே என் முகவரி:
ரிஸ்மி கொம்யூனிகேஷன், பிரதான வீதி, நோர்வூட்.
நான் அங்கே குடியிருக்கவில்லை.
ஒரு போட்டோகொப்பிக்குப் பத்து ரூபா,
அவ்வளவுதான் எங்கள் உறவு.

பிறகு, பெற்றோரின் மாத வருமானம்.
எந்த மாதத்தின்?
விடாமல் அடித்த ஆனியா, கொழுந்து குமிந்த சித்திரையா,
குளவி கொட்டி அம்மா படுத்திருந்த ஐப்பசியா?
கட்டம் ஒரு விரல் அகலம்.
அதற்குள் ஒரு வருசத்தை மடித்து வைக்க
எனக்குத் தெரியவில்லை.

செக்ரோல் துண்டின் மேல்வரித் தொகை
அவர்கள் போட்ட எல்லையை
நானூற்றி முப்பது ரூபாயால் தாண்டியிருந்தது.
மேல்வரியின்படி நாங்கள் வசதியானவர்கள்.
கீழே இறங்க இறங்கத்தான் ஏழையாகிறோம்.
தீபாவளி முற்பணம், சந்தா, கோயில் காசு,
நாங்களே பறித்த தேயிலையின் தூளுக்கு ஒரு விலை.
"மேல்வரிய மட்டும் போடும்மா, அதான் முறை"
என்றார் ஜீ.எஸ்.
போட்டேன்.
துண்டையும் முழுசாகக் கொப்பி எடுத்துப் பின்னால் குத்தினேன்,
இரண்டு பக்கமும்.
இருபது ரூபா.

கடைசியில் இருநூறு சொல்லுக்கு இடம் விட்டிருந்தார்கள்:
இந்தப் புலமைப்பரிசில் உமக்கு ஏன் தேவை?
கண்ணீராக எழுதினேன். நன்றாகத்தான் வந்தது.
ஒழுகும் தகரம், குப்பி விளக்கு என்று எழுதிவிட்டு
நிமிர்ந்தால்
தலைக்கு மேலே எல்.ஈ.டி. பல்ப்
வெட்கமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.
கிழித்தேன்.

தராசைப் பற்றி எழுதினேன்.
அம்மாவின் சாக்கு இருபத்தொன்று காட்டும்,
புத்தகத்தில் பதினெட்டு ஏறும்.
மூன்று கிலோ எங்கே என்றால்
ஈரம் என்பார்கள்.
மழைக்கு மூன்று. சரி.
மாசி வெயிலுக்கும் அதே மூன்று.
எட்டு வயதிலிருந்து கலண்டரின் முதுகில்
அந்த மூன்றுகளைக் கூட்டி வருகிறேன்.
எனக்குப் புள்ளிவிபரவியல் படிக்க வேண்டும்.
வெயிலில் எத்தனை கிலோ ஈரம் இருக்கிறதென்று
யாராவது கணக்குக் காட்டத்தானே வேண்டும்?

கண்டியில் நேர்முகம். மூன்று பேர், ஒரு ஃபேன்,
அது அவர்கள் பக்கம் திரும்பியிருந்தது.
நடுவில் இருந்தவர் துண்டின் அடிவரியில்
நீலப் பேனாவால் வட்டம் போட்டார்.
"இந்தக் கூட்டல் சரியா?"
"ஐந்து ரூபா பிழை, சேர்."
"யார் பக்கம்?"
"பிழை எப்பவும் ஒரே பக்கம்தான், சேர்."
அவர் சிரிக்கவில்லை.
தானும் ஒருதரம் கூட்டிப் பார்த்தார்.

ரிஸ்மி நானாதான் போன் எடுத்தார்.
"தங்கச்சி, தடிச்ச கவர்.
ஒல்லிக் கவரெண்டா நான் எடுத்திருக்கவே மாட்டேன்."

அப்பா கடிதத்தைத் தலைகீழாகவும் பார்த்தார், நேராகவும் பார்த்தார்.
நாலு வருசம், மாதா மாதம் என்று வாசித்துக் காட்டினேன்.
மருதவீரன் கேட்டது ஒன்றுதான்:
"இதுலயும் கழிப்பாங்களா?"

லோகிதா இப்போது வெள்ளவத்தையில் ஓர் உடுப்புக் கடையில்.
என்னைவிட அவளுக்குப் புள்ளி கூட.
வொய்ஸ் மெசேஜில் சத்தமாகச் சந்தோசப்பட்டாள்,
பின்னால் யாரோ சாரி விலை கேட்டார்கள்,
பாதியில் நின்றது.

இன்று இன்னொரு படிவம் வந்திருக்கிறது.
கொடையாளருக்கு நன்றிக் கடிதம்,
சரியாக இருநூறு சொல்லில்.
நன்றிதான், பொய்யில்லை, மனசாரத்தான் எழுதினேன்.
எண்ணிப் பார்த்தால்
நூற்றுத் தொண்ணூற்றேழு.

மூன்று,
ஈரத்துக்கு.