எத்தனை அடி

ஆடி பிறந்தால் ரிக் வண்டிகள் ஊர் திரும்பும்.
சத்தீஸ்கர் செம்மண் டயர் இடுக்கில் காய்ந்திருக்க
சங்ககிரி ரோட்டுப் பட்டறையில் வரிசையாய் நிற்கும்.
செங்கோட்டுவேலு வந்து மூன்று நாளாகிறது.
காதில் இன்னும் கம்ப்ரசர் ஓடுகிறது அவருக்கு.
எதைப் பேசினாலும் கத்துகிறார்,
பணத்தைக் கேட்டால் மட்டும் மெதுவாக:
'அதெல்லாம் ஓடீட்டு இருக்குது.'

பதினோரு வருஷமாய் ஓடுகிறது அது.
எங்கே, எதில், என்று
நானும் கேட்டதில்லை.
யார் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்று
எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் கோடு போட்ட நோட்டு உண்டு.
ஐநூற்றொன்று எழுதிய கை செத்த பிறகும்
ஐநூற்றொன்று காத்திருக்கும்.
ஒரே கட்டிலில் படுக்கும் இரண்டு பேருக்குத்தான்
நோட்டு இல்லை.

மிதுலாவின் காலேஜிலிருந்து போன்.
இரண்டாம் தவணை.
'பாக்கலாம்' என்றார், தட்டைப் பார்த்தபடி.
கேட்டேவிட்டேன்.
'ஏனுங்க, எத்தனை அடி?'
'எது?'
'கடன்.'

தொழில் வார்த்தை என்பதாலோ என்னவோ
கோபம் வரவில்லை.
கை கழுவிவிட்டு பில் புத்தகத்தை எடுத்து வந்தார்.
அடி, ரேட், கேசிங் என்று கட்டம் போட்ட மஞ்சள் தாள்.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

முதலில் கேசிங்,
மேல்மண் சரியாமலிருக்க இறக்குவது.
அது எனக்கும் தெரிந்ததுதான்:
வண்டி பைனான்சில் நம் பங்கு, பதினெட்டு லட்சம்.
அப்புறம் டீசல் பாக்கி இரண்டு எண்பது.
ராய்ப்பூரில் பிட் வாங்கின கடைக்கு ஒன்று இருபது.
பொங்கியண்ணனிடம் கைமாற்று இரண்டு.
புழுதி. வெள்ளைப் புழுதி. மூச்சை அடைக்கிற புழுதி.
நான் மூக்கைப் பொத்தவில்லை.

அங்கே பேனா நின்றது. கரும்பாறை.
எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.
'உன்ற அண்ணங்கிட்ட நாலு.'
'தெரியும்.'
'எப்பருந்து?'
'ரண்டு வருசமா.
சொல்லாதேன்னு சொல்லித்தான் சொன்னான்.'

இரண்டு பொங்கல், ஒரு காதுகுத்து.
அவன் பரிமாற, இவர் சாப்பிட, நான் பார்க்க,
மூன்று பேருக்கும் தெரிந்த நாலு லட்சம்
இலையோரத்து உப்பாய் இருந்திருக்கிறது.

என்னை யாரும் கேட்கவில்லை.
அப்படியே தப்பித்திருக்கலாம்.
'குழுவுல எழுவதாயிரம் எடுத்தனுங்க.
போன்ல வந்த ஆப்புல போட்டேன்.
வாரம் ரண்டாயிரம் தர்றம்னாங்க.
மூணு வாரம் தந்தாங்க.'
'எதுல?' என்றார், காதைத் திருப்பி.
'ஆப்புல!'
பக்கத்து வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்டிருக்கும்.
முறைத்தார். அப்புறம் தோள் குலுங்கியது.
'ஆப்புதான்.'
சிரிப்பா, வேறெதுவுமா,
நான் உற்றுப் பார்க்கவில்லை.

மலைமேல் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.
பாதி அவர், பாதி அவள், ஒரே உடம்பு.
பாஸ்புக்கை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?
எங்களுக்கு இரண்டு உடம்பு, இரண்டு பீரோ,
போதாததற்கு அரிசி டப்பா.

கூட்டினோம். அவர் விரலில், நான் போனில்.
இருபத்தெட்டு எழுபது.

தண்ணீர் பீறிட்டது என்று சொல்ல ஆசைதான்.
மிதுலாவின் பீசுக்கு இன்னும் வழி தெரியவில்லை.
ஆனால் அவரே சொல்வார்,
எழுநூறு அடிக்கு மேல் சில இடங்களில்
புழுதி நிறம் மாறுமாம்,
வெள்ளை கறுத்து விரலில் ஒட்டுமாம்.
ஈரம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.
பேசாமல் அடுத்த ராடை மாட்டுவார்கள்.

தாளைக் கிழித்து நாலாய் மடித்தார்.
பழக்கத்தில் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார்.
நான் கையை நீட்டினேன்.