மூன்றாம் வரைவு

வாலிநோக்கம் உப்பளம் முடிந்து
கடல்மணலும் கரம்பையும் கலந்து கிடக்கும்
யார் பேருக்கும் பட்டா இல்லாத பொட்டல்.
அங்கே கண்கிலேடிகள் ஒன்பது சோடி.
ஒன்பது என்று எழுதினேன், எட்டாகவும் இருக்கலாம்.
இருட்டில் காதால் எண்ணியது:
வடக்கே கத்திய ஒன்று
நான் பென்சிலைத் தேடுவதற்குள்
நடந்துபோய்க் கிழக்கே கத்தியிருந்தால்
கணக்கு என்ன ஆகும்.

படிவத்தில் நான்காம் கட்டம்: உள்ளூர்ப் பெயர்.
ஏர்வாடியில் ஆள்காட்டி என்றார்கள்.
ஆள்காட்டி வேறு.
மீன் ஏலம் எடுக்கும் சூசைராயன்
"ராத்திரி கத்துற சனியன்" என்றார்.
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

அச்சுறுத்தல்கள், முன்னுரிமைப்படி:
தெருநாய்.
சீமைக்கருவேலம்.
மணலில் ஜீப் சுழற்றிப் படம் பிடிக்கிறவர்கள்.
வெள்ளாடு.
கரிமூட்டம்.
மதுரையில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து
முதல் வரைவில் எழுதியது.

ஐந்தாவதை நான் வாசித்துக் காட்டியபோது
முத்திருளாயி சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை.
மூட்டத்தில் புகை கசிந்த இடத்தில்
ஈரமண் அப்பி அடைத்துவிட்டு
கையைக்கூடத் துடைக்காமல்
"வாங்க" என்றாள்.

போன வருஷம் வெட்டிய இடம்.
தூர்கள், சாம்பல், கரித்தூள்,
பிய்ந்த சிமெண்டுச் சாக்கு ஒன்று.
"எங்கே?" என்றேன்.
"காலை எடுக்காதீங்க."
என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி
இரண்டு கற்கள்.
கற்கள் இல்லை.

"மூணு வருஷம் தழைய விட்டா இங்க ஒக்காராது.
அதுக்கு நாலு பக்கமும் தெரியணும்."

அவளுக்கும் இதில் லாபம் உண்டு, தெரியும்.
வெட்டு அனுமதி நாலு மாதமாய்க் கையெழுத்தாகாமல் கிடக்கிறது.
ஆகவே பன்னிரண்டு வெட்டுகளையும் நானே நடந்தேன்,
எட்டு நாள், உப்புக்காற்றில் உதடு வெடிக்க.
ஆறு கூடுகள்.
ஐந்து, வெட்டி ஈராண்டு ஆகாத தரையில்.
ஆறாவது கிரிக்கெட் பிட்ச்சில், ஸ்டம்ப் நடும் இடத்தில்.
பையன்கள் பிட்ச்சை இருபது அடி தள்ளிப் போட்டிருந்தார்கள்.
அதற்காக யாரும் நிதி ஒதுக்கீடு கேட்கவில்லை.

ராமநாதபுரத்தில் கூட்டம்.
கருவேலம் ஒழிப்பு, நானூறு ஏக்கர், ஒரே தவணை,
ஆறு ஜேசிபி,
மார்ச் முப்பத்தொன்றுக்குள் பணம் செலவாகியிருக்க வேண்டும்.
மாசி பிறந்தாலே தரையில் முட்டை இருக்கும் என்றேன்.
கணக்குப் பிரிவு செய்யது காசிம்
"பறவையைக் கொஞ்சம் தள்ளி இடச் சொல்லுங்க மேடம்" என்றார்.
"நிதியாண்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்க சார்."
எல்லோரும் சிரித்தார்கள்.
டீ வந்தது.
அடுத்த பொருள், குடிநீர்.

இரவு, லாட்ஜ் அறையில், மூன்றாம் வரைவு.
கரிமூட்டத்தை அச்சுறுத்தலிலிருந்து வெட்டி
எதிர்ப் பத்தியில் ஒட்டினேன்:
சுழற்சி முறை வெட்டு,
புரட்டாசி முதல் தை முடிய, மழை விட்ட நாட்களில்,
ஆண்டுக்கு எண்பது ஏக்கருக்கு மிகாமல்,
இயந்திரம் கூடாது.
கூடுகளின் இடம் காட்டும் வரைபடம்: இணைக்கப்படவில்லை.
ஜீப்காரர்களும் வாசிப்பார்கள்.
இருபது வருஷப் புகை
ஒருத்தியின் நெஞ்சுக்குள் என்ன செய்திருக்கிறது என்பதற்கு
இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
அடிக்குறிப்பாக எழுதினேன், அழித்தேன்,
மறுபடி எழுதினேன்.

நான்காம் கட்டம் இன்னும் வெறுமை.
கிளம்பும்போது கேட்டிருந்தேன்,
நீங்கள் அதை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று.
முத்திருளாயி இருமி முடித்து, மண்வெட்டியை ஊன்றி,
நிசமாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"அதை எதுக்குக் கூப்பிடணும்?"